கியர் பாக்ஸ் போச்சுன்னு யாருங்க சொன்னது?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஷிப்மெண்ட் நெருக்கடி. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தோசையைப் பிச்சுப் போட்டுட்டுப் படுக்கவே சரியா இருக்கு. ஆனா போன வாரம் நடந்த ஒரு விஷயத்தை எழுதாம விட்டா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும். அதான் உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க :-)

எங்க வீட்டுக்குப் பின்னால லைன் வீட்டுல ஒரு தம்பி குடியிருக்கான். சொந்த ஊரு உசிலம்பட்டிப் பக்கம். இங்க பிளாட்லாக் டைலர், பீஸ் ரேட்டு. அவன் சம்சாரம் வேற கம்பெனில செக்கிங். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வண்டி. பழைய நூறு சிசி, நாலு கியர், செகண்ட் ஹேண்டுல வாங்கினது. காலைல சம்சாரத்தைக் கம்பெனில எறக்கி விட்டுட்டு இவன் வேலைக்குப் போவான். ஒன்றரை ஷிப்ட் ஓடற நாள்ல ராத்திரி போய்க் கூட்டிட்டு வருவான். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கட்டிங் பீஸ் மூட்டை ரெண்டைக் கட்டிக்கிட்டு ஜாப் ஒர்க் தைக்கிற வீடுகளுக்குக் கொண்டு போய்ப் போடுவான். அதுல முந்நூறு நானூறு தேறும். திருப்பூர்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வண்டி ஒரு நாள் நின்னா ரெண்டு பேர் பொழப்பும் ஒரு நாள் நிக்கும்.

போன சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசல்ல நின்னான். மூஞ்சியே சரியில்லை.

"அண்ணே, ஒரு மூவாயிரம் கெடைக்குமாண்ணே? ரெண்டு சம்பளத்துல குடுத்துர்றேன்."

"என்ன தம்பி ஆச்சு?"

"வண்டி கியர் பாக்ஸ் போச்சுண்ணே. இன்ஜினை இறக்கணுமாம். 7,000 ஆகுமாம். சம்பளம் வாங்குனதுல கொஞ்சம் இருக்கு. மிச்சத்துக்கு அவ தோட்டை வைக்கலாம்னு பார்த்தேன், அவ வேண்டாங்குறா."

எனக்கு வண்டி விஷயத்துல ஒரு கிறுக்கு உண்டு. மெக்கானிக் இல்லை, ஆனா இருபது வருசமா என் வண்டியை நானே நோண்டி நோண்டி, பாதி கெடுத்து, பாதி கத்துக்கிட்டவன். அதனால காசைப் பத்திப் பேசாம ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"வண்டி என்ன பண்ணுது?"

"கியர் போச்சுண்ணே."

"அது இருக்கட்டும். வண்டி என்ன பண்ணுது?"

"அதான்ணே, கியர் பாக்ஸு..."

"தம்பி, நீ டாக்டர்கிட்ட போய் 'கிட்னி போச்சு'ன்னா சொல்லுவ? இங்க வலிக்குது, இப்படி வலிக்குதுன்னுதானே சொல்லுவ? வண்டி ஓட்டறப்ப என்ன ஆகுது, அதைச் சொல்லு."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அப்புறம் சொன்னான். "முறுக்குனா சத்தம் மட்டும் ஏறுதுண்ணே. வண்டி ஏற மாட்டேங்குது. பாலம் ஏறுறப்ப ரொம்ப மோசம். நாலாவதுல போட்டா சுத்தமா இழுக்கல. மூட்டை வச்சா ஒரு மாதிரி தீயுற வாடை வருது."

அவ்வளவுதாங்க. அவன் சொன்ன வாக்கியத்துல பெரும்பாலானது கிளட்ச்சைக் கை காட்டுது. கியர் பாக்ஸை ஒண்ணுகூடக் காட்டலை.

இன்ஜின்ல இருந்து சக்கரம் வரைக்கும்

ஏன் அப்படிச் சொல்றேன்னு புரியணும்னா, சக்தி எந்த வழியா சக்கரத்துக்குப் போகுதுன்னு தெரியணும். வழி ரொம்பச் சின்னதுதான். இன்ஜின் சுத்துது. அதைக் கிளட்ச் வாங்கி கியருக்குக் குடுக்குது. கியர் வேகத்தையும் இழுவையையும் மாத்தி முன்னாடி இருக்கற சின்னப் பல் சக்கரத்துக்குக் குடுக்குது. அங்கிருந்து செயின். செயின்ல இருந்து பின்னாடி பெரிய பல் சக்கரம், அதுக்குள்ள ஹப் ரப்பர், அப்புறம் டயர்.

இதுல எங்க கோளாறு வந்தாலும் ஓட்டறவனுக்கு "இழுவை சரியில்லை, சத்தம் வருது, உதறுது"ன்னுதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத எடம் கியர் பாக்ஸ். அதனால எல்லாப் பழியும் அது தலைல விழுது.

இந்த ஊர்க்காரங்களுக்கு இதை வெளக்கறது சுலபம். நிட்டிங்ல துணி இறங்கறப்ப கோடு விழுந்தா ஃபிட்டர் என்ன பண்றார்? மெஷினைக் கழட்டறாரா? மொதல்ல துணியைப் பார்க்கறார். கோடு நீளவாக்குல ஓடுச்சுன்னா ஊசியையோ சிங்கரையோ தேடிப் போறார். குறுக்குவாக்குல பட்டை பட்டையா வந்தா நூல், டென்ஷன்னு பார்க்கறார். ஓவர்லாக்ல தையல் விட்டுச்சுன்னா டைலர் மொதல்ல நூல் கோத்ததைப் பார்ப்பார், அப்புறம் ஊசியை மாத்திப் பார்ப்பார். அதுக்கும் கேக்கலைன்னாத்தான் லூப்பர் டைமிங்கைத் தொடறதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க. சல்லிசான பொருள்ல ஆரம்பிச்சு செலவு புடிக்கிறதுக்குப் போறது, வெளில இருந்து உள்ள போறது. இந்த ஊர்ல பத்தாவது தாண்டாத பையனுக்குக்கூட இது கை வந்த பாடம். அதே பையன் வண்டின்னு வந்தா மட்டும் நேரா இன்ஜினை இறக்கச் சொல்லிட்டு நிக்கறான். அதான் எனக்குப் புரியலை.

ஞாயித்துக்கிழமை நடந்தது

அடுத்த நாள் காலைல வண்டியைப் பார்த்தேன். கிளட்ச் லிவரைப் புடிச்சா கல்லு மாதிரி இருக்கு. கொஞ்சம்கூட ஃப்ரீ ப்ளே இல்லை. லிவர் நுனில ஒரு விரல் கனம், அதாவது 10ல இருந்து 15 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடிட்டு அப்புறம்தான் ஒயர் இழுக்க ஆரம்பிக்கணும். ஆடலைன்னா என்ன அர்த்தம்? நீங்க கையை எடுத்துட்ட பின்னாடியும் ஒயர் கிளட்ச்சைக் கொஞ்சம் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. பிளேட்டுகள் முழுசா ஒட்டாது. ஒட்டாம வழுக்கும். வழுக்கினா சூடாகும், தேயும். தேஞ்சா இன்னும் வழுக்கும்.

"எப்பத்துல இருந்து இப்படி?"ன்னு கேட்டேன். மூணு வாரமாம். மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன நடந்துது? ஸ்டாண்டுல இருந்து வண்டி விழுந்து லிவர் ஒடஞ்சு, புது லிவரும் புது ஒயரும் போட்டானாம். "நல்லா டைட்டா வச்சுக் குடுங்கன்னு நாந்தாண்ணே சொன்னேன்"ங்கறான் :-( 

இன்னொண்ணும் தோண்டினேன். ஆயில் எப்ப மாத்துன? போன மாசம். என்ன ஆயில்? கம்பெனி கார் டிரைவர் மிச்சம் இருந்ததைக் குடுத்தாராம்.

இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். கார்ல கிளட்ச் தனியா, ஆயில் படாம உலர்ந்து கிடக்கும். நம்ம பக்கம் ஓடற நாலு ஸ்ட்ரோக் பைக்குல இன்ஜின், கிளட்ச், கியர் மூணுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டு அந்த ஆயில்ல ஊறிக்கிட்டுத்தான் வேலை செய்யுது. மைலேஜுக்காகன்னு வர்ற பல கார் ஆயில்ல வழவழப்பைக் கூட்டற சரக்கு கலந்திருப்பாங்க. காருக்கு அது நல்லது. பைக் கிளட்ச்சுக்கு விஷம். இதுக்காகவே ஜப்பான்காரங்க 1998ல ஒரு தரம் கொண்டு வந்தாங்க, ஜாசோன்னு பேரு. பைக் ஆயில் டப்பாவோட பின்பக்கம் சின்ன எழுத்துல 'ஜாசோ எம்.ஏ.'ன்னோ 'எம்.ஏ.2'ன்னோ போட்டிருக்கும். கியர் வண்டிக்கு அதுதான். 'எம்.பி.'ன்னு இருந்தா அது கிளட்ச் ஆயில்ல ஊறாத ஸ்கூட்டருக்கு. அடுத்த தடவை வாங்கறப்ப டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

சரி, ஒயரைத் தளர்த்தி ப்ளே வச்சு ஓட்டச் சொன்னேன். முன்னைக்குப் பரவாயில்லை. ஆனா பாலம் ஏறுறப்ப இன்னும் வழுக்குது. மூணு வாரம் மூட்டையோட வழுக்கி வழுக்கி பிளேட்டு தீஞ்சிருக்கணும். அதுக்கு மேல என் கை வேலை இல்லை. ஊருக்குள்ள எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர்கிட்ட தள்ளிட்டுப் போனோம். வண்டியைக் குடுக்கறப்பவே, "மொதல்ல பார்த்துட்டு மட்டும் சொல்லுங்க, பார்க்கறதுக்கு 100 ரூபாய்"ன்னு கைல வச்சேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு. அப்புறம் ஓட்டிப் பார்த்தாரு. ஆயிலை இறக்கி வலது பக்கக் கவரைக் கழட்டினாரு. பிளேட்டெல்லாம் கருகி, நடுவுல இருக்கற இரும்புத் தகடு சூட்டுல நீலம் பூத்துக் கெடந்துது. பிளேட்டு, ஸ்பிரிங்கு, கேஸ்கட்டு, ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். இன்ஜின் ஃப்ரேமை விட்டு எறங்கவே இல்லை. கியர் பக்கம் கையே வைக்கலை.

உங்க வண்டிக்கு நீங்களே பார்க்க

ரொம்ப டெக்னிக்கலா போட்டுத் தாக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச அளவுல, வெளில இருந்து உள்ள.

1) சத்தம் ஏறுது, வேகம் ஏறலை. கிளட்ச் வழுக்குது. பெரிய கியர்லயும் மேட்டுலயும் மூட்டையோட போறப்பவும் மொதல்ல தெரியும். மொதல்ல ஒயர் ப்ளே, அப்புறம் ஆயில், கடைசில பிளேட்டு.

2) கிளட்ச்சைப் புடிச்சாலும் வண்டி நகரப் பார்க்குது, நியூட்ரல் விழ மாட்டேங்குது, மொத கியர் போடறப்ப 'டணக்'குன்னு குதிக்குது. இது மேல சொன்னதுக்கு நேர் எதிர். கிளட்ச் முழுசா விடலை. பெரும்பாலும் ஒயர் ரொம்பத் தளர்ந்திருக்கும், இல்லாட்டி நஞ்சு போயிருக்கும். பழைய கெட்டி ஆயில் ஒரு காரணம். பிளேட்டு வளைஞ்சிருக்கறது இன்னொண்ணு. இதையும் "கியர் கடினமா இருக்கு, கியர் பாக்ஸ் பாருங்க"ன்னுதான் கொண்டு போறோம்.

3) கீழ இருந்து கடகடன்னு சத்தம், முறுக்கி விட்டு முறுக்கினா வெட்டி வெட்டி இழுக்குது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திட்டு, நியூட்ரல்ல பின் சக்கரத்தைக் கையால மெதுவாச் சுத்துங்க. சுத்தச் சுத்த செயினை நாலு எடத்துல தூக்கிப் பாருங்க. ஒரு எடத்துல தொங்கி இன்னொரு எடத்துல விறைப்பா நின்னா செயின் சமமாத் தேயலைன்னு அர்த்தம். அடுத்தது, பின் பல் சக்கரத்தோட பின் கோடில செயினைப் புடிச்சு வெளிய இழுங்க. பல்லு பாதி தெரியற அளவுக்குத் தூக்குச்சுன்னா செயின் செட்டு முடிஞ்சுது. பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தாலும் அதே. செயின் நல்லா இருந்தும் வெட்டுச்சுன்னா ஹப் ரப்பரைப் பாருங்க. (இன்ஜின் ஓடறப்ப செயின் பக்கம் விரலைக் கொண்டு போகாதீங்க சாமி. விரல் போனவங்களை எனக்குத் தெரியும்.)

4) கியர் போட்டா விழ மாட்டேங்குது, லிவர் திரும்பி வரலை. வண்டி எப்பவாவது இடது பக்கம் விழுந்துச்சான்னு யோசிங்க. லிவர் வளைஞ்சு இன்ஜின் கவர்லயோ ஃபுட்ரெஸ்ட்லயோ இடிக்கும். லிவரைப் புடிக்கற போல்ட்டு லூசாகி, உள் வரி மழுங்கி, மிதிச்சா சும்மா சுத்தும். லிவர் என்ன வெலை, இன்ஜின் இறக்கற கூலி என்ன? நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

5) ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊளை விடுது, இல்லாட்டி ஒரே ஒரு கியர் மட்டும் லோடுல கழண்டு நியூட்ரல் ஆகுது. இதுதாங்க உண்மையான கியர் பாக்ஸ் வியாதி. பல்லோ, ஒரு கியர் இன்னொண்ணைக் கவ்விப் புடிக்கற முனையோ மழுங்கியிருக்கும், இல்லாட்டி கியரைத் தள்ளற ஃபோர்க் வளைஞ்சிருக்கும். இதுக்கு இன்ஜினை இறக்கிப் பொளந்துதான் ஆகணும். தப்பிக்க வழி இல்லை.

மனசுல வச்சுக்க ஒரே ஒரு வரி போதும்: கோளாறு எல்லாக் கியர்லயும் வந்தா வெளிய தேடு, ஒரே கியர்ல மட்டும் வந்தா உள்ள தேடு. நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன், பேரிங் போனா எல்லாக் கியர்லயும் ஊளை விடும். ஆனா ஆரம்பிக்கறதுக்கு இதை விட நல்ல எடம் எனக்குத் தெரியலை.

சந்தேகம் தீரலைன்னா ஆயிலை இறக்கறப்ப பக்கத்துல நில்லுங்க. வெள்ளைத் துணில கொஞ்சம் ஊத்திப் பாருங்க (நம்ம ஊர்ல வேஸ்ட் பனியன் துணிக்கா பஞ்சம்!). மாவு மாதிரி சாம்பல் நெறத்துல லேசா இருந்தா அது சாதாரணத் தேய்மானம். கருகல் வாடை அடிச்சா கிளட்ச். பளபளன்னு சில்லு சில்லா இரும்பு கெடந்தா, அப்பக் கவலைப்படுங்க.

கியர் இல்லாத வண்டிக்காரங்க கோவிச்சுக்காதீங்க. மூட்டை தூக்கறதுக்குன்னே பொறந்த மாதிரி ஓடுற எக்ஸ்.எல். வண்டில கியர் மாத்தற வேலையே கெடையாது. அதுல இருக்கறது வேகம் ஏறினாத் தானாப் புடிக்கற கிளட்ச். அது வழுக்கினாலும் இதே 'சத்தம் ஏறுது, வேகம் ஏறலை' கதைதான். ஸ்கூட்டர்ல பெல்ட்டும் ரோலரும். கெளம்பறப்ப உதறினா, மேட்டுல தெணறினா அதைத்தான் மொதல்ல பார்க்கணும். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் ஆர்.எக்ஸ். 100 வச்சிருக்கற ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்க வண்டில கியர் ஆயில் தனி. இன்ஜினுக்கு 2டி ஆயில் ஊத்திட்டோம்னு நிம்மதியா இருந்துட்டு கியர் ஆயிலை மறந்துடாதீங்க.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு

மேல எழுதினதைப் படிச்சுட்டு, "மெக்கானிக் கியர் பாக்ஸ்னு சொன்னாலே பொய்"னு யாராவது முடிவு கட்டினா அது என் தப்பு. அந்தத் தப்பை நானே பண்ணியிருக்கேன்.

பல வருசத்துக்கு முன்னாடி எங்கிட்ட அஞ்சு கியர் வண்டி ஒண்ணு இருந்துச்சு. மூணாவது கியர் அப்பப்பக் கழண்டுக்கும். மறுபடி மிதிச்சா விழுந்துடும். மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாரு, "ஏனுங் தம்பி, இது உள்ள வேலைங்க, தள்ளிப் போடாதீங்க." நான் பெரிய புத்திசாலி இல்லையா? காசு புடுங்கப் பார்க்கறாருன்னு நினைச்சு, செயினை டைட் பண்ணி, ஆயிலை மாத்தி, ரெண்டு மாசம் ஓட்டினேன்.

பல்லடம் ரோட்டுல ஒரு நாள் பின்னாடி என் மச்சானை உக்கார வச்சுக்கிட்டு லாரி ஒண்ணை ஓவர்டேக் பண்ணினேன். பாதில மூணாவது கழண்டுச்சு. இன்ஜின் கத்துது, வண்டில இழுவை இல்லை, எதுக்க பஸ்ஸு. எப்படியோ ஒடிச்சு மண்ணுல எறக்கினேன். எனக்கு முழங்கால்ல சிராய்ப்பு. மச்சானுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. அவரு அயர்னிங் மாஸ்டர். ஆறு வாரம் அயர்ன் பாக்ஸைத் தொட முடியலை. அவரும் பீஸ் ரேட்டுதான். இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி அவரு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாக்கூடத் தேவலை.

ஒரே கியர், லோடுல மட்டும் கழண்டுச்சு. அஞ்சாவது பாயிண்ட் அப்படியே கண்ணு முன்னாடி நின்னுது. நான்தான் பார்க்க விரும்பலை. அதனால, தெரியாம பயந்து 7,000 கட்டறதும் தப்பு, தெரிஞ்ச மாதிரி நினைச்சு மச்சான் கையை ஒடிக்கறதும் தப்பு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். வண்டி என்ன சொல்லுதுன்னு கவனிக்காம, நாம ஏற்கெனவே முடிவு பண்ணினதை அது மேல ஏத்தறது.

யாரு தப்பு?

தம்பி வண்டி சரியானதும் எனக்கு அந்த மொத மெக்கானிக் மேல நல்ல கோவம். ரெண்டு நாள் கழிச்சு டீக்கடைல ஆளைப் பார்த்தேன். சும்மா விடுவேனா? கேட்டுட்டேன். சண்டைக்கு வருவாருன்னு பார்த்தா, டீயை வச்சுட்டு நிதானமாச் சொன்னாரு.

"ஏனுங்ணா, அந்தத் தம்பி வந்து நின்னதுமே 'கியர் பாக்ஸ் போச்சு, எவ்வளவு ஆகும்'னுதான் கேட்டாப்ல. அன்னிக்கு எட்டு வண்டி நின்னுட்டு இருந்துது. கியர் பாக்ஸ்னா இன்ஜின் எறக்கோணும், எறக்குனா 7,000. கேட்டதுக்குச் சொன்னேன். நான் ஓட்டியே பாக்கலைங்."

"ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"பார்த்துச் சொன்னா யாருங்ணா காசு குடுக்கறாங்க? அரை மணி நேரம் ஓட்டி, தட்டி, பார்த்து, 'ஒயர்தான் டைட்டு'ன்னு ரெண்டு திருகு திருகிக் குடுத்தா, 'இதுக்குப் போயி காசா'ன்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. பிரிச்சாத்தான் எனக்குக் கூலி."

எனக்குப் பதில் வரலை. அவரு செஞ்சது சரின்னு சொல்ல வரலைங்க. 7,000 ரூபாய்ங்கற வார்த்தையை வண்டியைத் தொடாம சொல்லக் கூடாது, அது ஒரு குடும்பத்தோட தூக்கத்தைக் கெடுக்கற தொகை. ஆனா அவரு கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. 'கியர் பாக்ஸ் போச்சு'ன்னு மொதல்ல சொன்னது மெக்கானிக் இல்லை, நம்ம தம்பியேதான்! யாரோ பக்கத்து மெஷின்காரர் சொன்னதைக் கேட்டுட்டுப் போயி, அதையே மெக்கானிக் வாயால திருப்பி வாங்கிட்டு வந்திருக்கான்.

யோசிச்சுப் பாருங்க. இந்த ஊரு முழுக்க, பார்க்கறதுக்குக் காசு குடுத்துத்தான் ஓடுது. தம்பி சம்சாரம் செய்யற வேலை என்ன? செக்கிங். ஒரு பீஸைக் கூடத் தைக்கறதில்லை. ஒவ்வொரு டீ ஷர்ட்டையும் விரிச்சு, திருப்பி, வெளிச்சத்துல காட்டி, எங்க ஓட்டை, எங்க தையல் விட்டிருக்கு, எங்க கறைன்னு பார்க்கறது. அதுக்கு அந்தப் பொண்ணுக்குச் சம்பளம். அதுக்கு மேல கியூ.சி., அதுக்கும் மேல பையர் அனுப்பற இன்ஸ்பெக்ஷன். பார்க்காம பெட்டி கட்டினா சரக்கு திரும்பி வந்துரும்னு நமக்குத் தெரியும். 150 ரூபாய் டீ ஷர்ட்டுக்கு மூணு பேர் பார்க்கறாங்க. நம்ம பொண்டாட்டி புள்ளையை ஏத்திக்கிட்டுப் போற வண்டியை ஒருத்தர் உக்காந்து பார்க்கறதுக்கு 100 ரூபாய் குடுக்க நமக்கு மனசு வர மாட்டேங்குது.

பார்க்கறதுக்குக் கூலி இல்லைன்னா, பிரிக்கறதுதான் கூலி. அப்ப எல்லாமே பிரிக்க வேண்டிய வியாதியாத்தான் தெரியும். இதுல மெக்கானிக் மேல பாதித் தப்புன்னா, மீதிப் பாதி நம்ம மேல.

அதனால நான் சொல்றது ரெண்டே விஷயம்.

ஒண்ணு, ஒர்க்‌ஷாப்புக்குப் போனா வியாதி பேரைச் சொல்லாதீங்க. என்ன ஆகுது, எந்தக் கியர்ல ஆகுது, மேட்டுலயா சமதளத்துலயா, சூடான பின்னாடியா காலைல எடுத்ததுமா, எப்பத்துல இருந்து, அதுக்கு முன்னாடி வண்டில என்ன கை வச்சீங்க. இவ்வளவும் சொல்லிட்டு வாயை மூடிக்குங்க. மறைக்காமச் சொல்லணும். கார் ஆயில் ஊத்தினதையும், மூட்டை ஏத்தினதையும், பாதிக் கிளட்ச்சைப் புடிச்சுக்கிட்டே சிக்னல் டிராஃபிக்ல நகந்ததையும் சேர்த்து.

ரெண்டு, வண்டியைக் குடுக்கறப்பவே, "மொதல்ல ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க, பார்க்கற கூலி தனியாத் தர்றேன். பிரிக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்"னு சொல்லுங்க. 100 ரூபாயோ 150 ரூபாயோ. அவரு பார்த்துட்டு, "ஒண்ணுமில்லை, ஒயர்தான்"னு சொன்னா, காசு வீணாப் போச்சுன்னு நினைக்காதீங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு.

இப்ப வர்ற வண்டில கார்புரேட்டர் போயி இன்ஜெக்ஷன் வந்துருச்சு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு, கம்ப்யூட்டர் சொருகாமப் பார்க்க முடியாதுங்கற பேச்சும் கூட வந்துருச்சு. உண்மைதான், இன்ஜின் கோளாறு சிலதுக்கு அது வேணும். ஆனா நம்ம ஊர்ல ஓடற சாதாரண பைக்குல கிளட்ச் ஒயரும் செயினும் பல் சக்கரமும் அப்பா காலத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு. அதுக்குக் கண்ணும் காதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தம்பி நேத்து ராத்திரி வந்து பார்க்கிற கூலி 100 ரூபாயை என் கைல குடுத்தான். வேண்டாம்னு சொன்னா, "இல்லண்ணே, பார்க்கறதுக்குத்தானே"ங்கறான். வாங்கிக்கிட்டேன். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு சம்சாரமும் வண்டில உக்காந்திருந்துச்சு. காதுல தோடு இருந்துச்சு. பாதிக் கிளட்ச் புடிக்காமக் கெளம்புடான்னு சொல்லி அனுப்பினேன்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். ஒரே கியர்ல கழண்டா, ஆயில்ல இரும்புச் சில்லு தெரிஞ்சா, எதையும் யோசிக்காம வண்டியை ஓரங்கட்டிட்டு விவரம் தெரிஞ்சவர்கிட்ட போங்க. என் மச்சான் மணிக்கட்டு மழைக்காலத்துல இன்னும் வலிக்குதாம்.